ஒலிக்கருவி மதிப்புரைகள்: எது பயன்படும், எது பயன்படாது?

பண்டிகைக் காலம் நெருங்கும்போது, வீட்டிற்கு ஒரு நல்ல ஒலிக்கருவி வாங்க வேண்டும் என்ற எண்ணம் பல குடும்பங்களில் எழுகின்றது. தொலைக்காட்சியோடு இணைக்கும் சவுண்ட்பார், பாட்டுக் கேட்பதற்கான ஒரு ஜோடி ஸ்பீக்கர், அவற்றை இயக்கும் ஆம்ப்ளிஃபையர் என எதை வாங்கினாலும், மாத வருமானத்தில் ஒரு கணிசமான பகுதி அதற்குச் செலவாகின்றது. ஒருமுறை வாங்கிவிட்டால் பத்து ஆண்டுகளாவது அதனோடு வாழ வேண்டும். அரிசியைப் போல ஒரு கிலோ வாங்கிச் சமைத்துப் பார்த்து, பிடித்திருந்தால் மூட்டையாக வாங்கும் வசதி இதில் இல்லை. எனவே பணத்தை எடுப்பதற்கு முன் நாம் மதிப்புரைகளைத் தேடிப் படிக்கிறோம்.

படிக்கக் கிடைப்பவை ஏராளம். ஆனால் அவற்றுள் நம் முடிவுக்கு உதவுபவை சிலவே. ஒரு மதிப்புரை பயனுள்ளதா என்று அறிவது எப்படி? இக்கட்டுரை அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கின்றது.

எங்கள் வீட்டில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன், பலரும் பாராட்டிய ஒரு சவுண்ட்பாரை நாங்கள் வாங்கினோம். அதனுடன் தாழ்ந்த ஒலிகளுக்கென்று தனிப் பெட்டியாக ஒரு சப்வூஃபரும் வந்தது. நாங்கள் படித்த மதிப்புரைகள் எல்லாம், திரைப்படத்தில் வெடிச்சத்தம் வரும்போது சுவர் அதிர்கிறது என்றும், விலைக்கு மேல் மதிப்புள்ள பொருள் என்றும் எழுதியிருந்தன. ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். பெட்டியை அறையின் மூலையில் வைத்தோம். சுவர் உண்மையாகவே அதிர்ந்தது.

ஆனால் அந்தக் கருவியை நாள்தோறும் பயன்படுத்துபவர் எழுபது வயதைக் கடந்த எங்கள் தந்தையார். மாலையில் செய்தி கேட்பதும், பிறகு ஒரு மணி நேரம் கச்சேரி கேட்பதும் அவருடைய வழக்கம். புதிய கருவி வந்த பிறகு செய்தி வாசிப்பவரின் சொற்கள் அவருக்குப் பிடிபடவில்லை. ஒலியைக் கூட்டினால் சத்தம் கூடியதே தவிர, சொல் தெளியவில்லை. இரண்டு மாதங்களில் அவர் தொலைக்காட்சி முன் உட்காருவதையே குறைத்துக்கொண்டார். கேட்டபோது, "கருவியில் குறையில்லை, எனக்குத்தான் காது மந்தமாகிவிட்டது" என்றார்.

காரணம் பின்னர்தான் எங்களுக்கு விளங்கிற்று. பேச்சில் உயிரொலிகளின் வலிமை தாழ்ந்த அதிர்வெண்களில் மிகுதியாக உள்ளது. ச, த, ப போன்ற மெய்யொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய உதவும் பகுதியோ பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளது. வயது ஏற ஏற முதலில் குறைவது உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறனே. அந்த நிலையில் தாழ்ந்த ஒலி மிகையாக இருந்தால், எஞ்சியிருக்கும் நுண்மையையும் அது மூடிவிடுகின்றது. மூலையில் வைத்த சப்வூஃபரின் ஒலியை இரு சுவர்களும் தரையும் மேலும் பெருக்குகின்றன. பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தி, அதன் அளவைப் பாதிக்கும் கீழே குறைத்த பிறகு, தந்தையார் மீண்டும் செய்தி கேட்கத் தொடங்கினார். அவருடைய காதின் மேல் சுமத்தப்பட்ட பழியில் பெரும்பங்கு கருவியையும், அதை நாங்கள் வைத்த இடத்தையும் சேர்ந்தது.

நாங்கள் படித்த மதிப்புரைகளில் பொய் எதுவும் இல்லை. வெடிச்சத்தத்தில் சுவர் அதிரும் என்றார்கள், அதிர்ந்தது. ஆனால் பேச்சு எவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று ஒருவர்கூட எழுதவில்லை. மதிப்புரையின் முதல் கடமை, யாருக்காக, எந்தப் பயன்பாட்டுக்காகக் கருவியைச் சோதித்தோம் என்று சொல்வதுதான் என்பதை நாங்கள் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

அளவுகோலா, காதா?

ஒலிக்கருவி மதிப்புரையில் நெடுங்காலமாக இரு வழிகள் உள்ளன. அமெரிக்காவில் ஜூலியன் ஹிர்ஷ் என்பவர் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழில் பல்லாண்டுகள் எழுதியவை ஒரு வழிக்கு எடுத்துக்காட்டு. ஆய்வுக்கூடக் கருவிகளால் அளந்து, அந்த எண்களை முன்வைப்பது அவருடைய முறை. 1962-இல் 'ஸ்டீரியோஃபைல்' இதழைத் தொடங்கிய ஜே. கோர்டன் ஹோல்ட் மற்ற வழியை வகுத்தவர். கருவியை வீட்டில் வைத்துப் பல நாள் இசை கேட்டு, கேட்டதைச் சொற்களால் விவரிப்பது அவருடைய முறை. பிற்காலத்தில் அதே இதழ் கேட்டறிந்த விவரிப்போடு அளவீடுகளையும் சேர்த்து வெளியிடலாயிற்று.

இவ்விரண்டில் ஒன்றை மட்டும் நம்புவது நமக்கு நன்மை தராது. எண்கள் ஒரு கருவி நம் வீட்டிற்குப் பொருந்துமா என்பதைச் சொல்லும். கேட்டறிந்த விவரிப்பு, அதனோடு நாள்தோறும் வாழ்வது எப்படி இருக்கும் என்பதைச் சொல்லும். இரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் மதிப்புரையே நம்பத்தக்கது.

நான்கு எண்கள்

முதலாவது, வாட் கணக்கு. பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் 'பி.எம்.பி.ஓ.' வாட் எண்ணுக்கு அனைவரும் ஏற்ற அளவீட்டு முறை எதுவும் இல்லை. அதைக் கணக்கில் கொள்ள வேண்டியதில்லை. தொடர்ந்து தரக்கூடிய திறனைக் காட்டும் 'ஆர்.எம்.எஸ்.' எண்ணையே பார்க்க வேண்டும். அதுவும் எத்தனை சதவீத ஒலிச்சிதைவில் அளக்கப்பட்டது என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 10 சதவீதச் சிதைவை அனுமதித்து அளந்தால் அதே கருவி கூடுதல் வாட் தருவதாகக் காட்டலாம்; 1 சதவீதத்துக்குள் அளந்தால் எண் குறையும். அமெரிக்காவில் இத்தகைய மிகைக் கணக்குகள் பெருகியதனால்தான், 1974-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் ஆம்ப்ளிஃபையர் திறனை விளம்பரப்படுத்துவதற்கென்று தனி விதி வகுத்தது.

இரண்டாவது, சென்சிட்டிவிட்டி எனப்படும் உணர்திறன். ஒரு வாட் மின்திறன் கொடுத்தால், ஒரு மீட்டர் தொலைவில் ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் ஒலி தருகின்றது என்பதே இது. ஒலியை 3 டெசிபல் கூட்ட மின்திறன் இருமடங்கு வேண்டும். 10 டெசிபல் கூட்டினால்தான் காதுக்கு ஏறத்தாழ இருமடங்கு சத்தமாகத் தோன்றும். அதற்குப் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். இதிலிருந்து ஓர் எளிய கணக்கு கிடைக்கின்றது. 89 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கர் 10 வாட்டில் தரும் ஒலியை, 83 டெசிபல் கொண்ட ஸ்பீக்கர் தருவதற்கு 40 வாட் தேவை. வீட்டில் ஏற்கெனவே சிறிய ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவருக்கு, இந்த ஓர் எண்ணைச் சொல்லாத மதிப்புரையால் பயன் இல்லை. மலிவாகக் கிடைத்த ஸ்பீக்கருக்காகப் பிறகு விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபையர் வாங்க நேரிடலாம்.

மூன்றாவது, இம்பீடன்ஸ் எனப்படும் மின்மறுப்பு. பெட்டியில் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும், அது எல்லா அதிர்வெண்களிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. சில இடங்களில் 4 ஓமுக்கும் கீழே இறங்கும் ஸ்பீக்கர்கள் உண்டு. அவை ஆம்ப்ளிஃபையரிடம் கூடுதல் மின்னோட்டம் கேட்கும். எளிய ஆம்ப்ளிஃபையர் சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்வது இதனாலும் நேரலாம். எந்த அளவு வரை இறங்குகின்றது என்று அளந்து சொல்லும் மதிப்புரை மதிப்பு வாய்ந்தது.

நான்காவது, அதிர்வெண் வீச்சு. '40 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்று மட்டும் எழுதினால் அதற்குப் பொருள் மிகக் குறைவு. 40 ஹெர்ட்ஸில் ஒலி பெயரளவுக்கு வந்தாலும் அதை எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ள முடியும். 'கூடுதல் குறைவு 3 டெசிபலுக்குள்' என்பது போன்ற எல்லை அருகில் இருந்தால்தான் அந்த எண் பேசும். இதைவிடச் சிறந்தது, வரைபடமாகத் தருவது. கோடு எங்கே ஏறுகின்றது, எங்கே இறங்குகின்றது என்பதைப் பார்த்து, பேச்சின் பகுதி அமிழ்ந்திருக்கிறதா, தாழ்ந்த ஒலி வீங்கியிருக்கிறதா என்று நாமே அறியலாம்.

சொற்கள் எப்போது பொருள் தரும்?

'ஒலி இனிமையாக இருந்தது', 'மிகத் தெளிவு', 'மெய்சிலிர்க்க வைத்தது' என்னும் தொடர்கள் எழுதியவரின் மகிழ்ச்சியைச் சொல்கின்றன. கருவியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஒரே கருவியைக் கேட்ட இருவர் எழுதுவதாகக் கொள்வோம்.

ஒருவர் எழுதுகிறார்: "கர்நாடக இசைக்கு மிகப் பொருத்தமான ஸ்பீக்கர்."

மற்றவர் எழுதுகிறார்: "மிருதங்கத்தின் வலந்தலை ஒலி கூர்மையாகக் கேட்டது, தொப்பிப் பக்கத்தின் ஆழ்ந்த ஒலி மெலிந்திருந்தது. வயலின் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது சற்று உறுத்தியது. தம்புராவின் ரீங்காரம் பாடுபவரின் குரலுக்குப் பின்னால் தனியாகக் கேட்டது."

இரண்டாமவர் எழுதியதைச் சரிபார்க்க முடியும். அதே பதிவை நாம் கடையில் ஒலிக்கவிட்டு, தொப்பியின் ஒலி மெலிந்திருக்கிறதா என்று கேட்கலாம். அவர் சொன்னது சரி என்று ஒருமுறை கண்டுகொண்டால், அடுத்த மதிப்புரையில் அவரை நம்பலாம். தவறு என்று கண்டால், அவருடைய காதுக்கும் நம் காதுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்ளலாம். இரண்டுமே நமக்கு ஆதாயம். எந்தப் பாட்டை, எந்தப் பதிவைக் கேட்டார் என்று சொல்லாதவரிடம் இந்த ஆதாயம் கிடைக்காது. குறை ஒன்றும் சொல்லாத மதிப்புரையையும் ஐயத்தோடுதான் படிக்க வேண்டும். எந்த விலையிலும் எல்லாம் நிறைவாக அமைந்த கருவி கிடையாது.

அறையும் கருவியின் ஒரு பகுதியே

மேலைநாடுகளில் எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் தரைவிரிப்பும் கனத்த சோஃபாக்களும் நிறைந்த அறைகளில் கேட்டு எழுதப்படுபவை. நம் வீடுகளில் செங்கல் அல்லது கான்கிரீட் சுவர், பளிங்கு அல்லது டைல்ஸ் தரை, தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி. நடு அறையில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். ஓசை கணகணவென்று நீண்டால், சற்றே கூர்மையாக ஒலிக்கும் ஸ்பீக்கர் அங்கே காதைக் குத்தும். திரைச்சீலை, பாய், மெத்தை, நிறைந்த புத்தக அலமாரி ஆகியவை இந்த எதிரொலியைக் குறைக்கும். ஆனால் தாழ்ந்த ஒலியை இவை அதிகம் உறிஞ்சுவதில்லை.

தாழ்ந்த ஒலியின் போக்கை அறையின் நீள அகலமே பெரிதும் முடிவு செய்கின்றது. 12 அடி நீளமுள்ள அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸில் ஒலி தேங்கி நிற்கும். அந்த ஒலி சுவரோரம் உட்கார்ந்தவருக்கு மிகையாகவும், அறையின் நடுவில் உட்கார்ந்தவருக்கு மிகக் குறைவாகவும் கேட்கும். கருவி ஒன்று, அறை ஒன்று, நாற்காலியின் இடம் மாறினால் கேள்வி மாறுகின்றது. ஆகவே, அறையின் அளவு என்ன, தரை எத்தகையது, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தார், எவ்வளவு தொலைவில் உட்கார்ந்தார் என்ற நான்கு செய்திகளைத் தராத மதிப்புரை, மண்ணின் தன்மையைச் சொல்லாமல் விதையைப் புகழ்வது போன்றது.

ஒப்பீடு எப்படிச் செய்யப்பட்டது?

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒன்று மிகச் சிறிதளவு சத்தமாக ஒலித்தால்கூட, நம் காது அதைச் 'சத்தம் கூடுதல்' என்று உணராமல் 'தரம் கூடுதல்' என்று கருதிவிடும். ஒரு டெசிபல் வேறுபாடே இதற்குப் போதும். விற்பனைக் கூடத்தில் விலை கூடிய கருவி சற்று உரக்க ஒலிக்கும்போது நாம் மயங்குவது இதனால்தான். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட்டேன் என்று எழுதுபவரை நம்பலாம்.

கண்ணும் காதை ஏமாற்றும். ஸ்பீக்கர் ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் ஆகிய இருவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்தும், கண்ணால் பார்க்கும்படி வைத்தும் கேட்கச் செய்தனர். பார்த்தபோது தந்த மதிப்பெண்ணும், பாராதபோது தந்த மதிப்பெண்ணும் வேறுபட்டன. அனுபவம் மிக்கவர்களும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. எல்லா மதிப்புரையாளரும் திரை கட்டிச் சோதிப்பது இயலாது. ஆயினும், இந்தப் பலவீனம் தமக்கும் உண்டு என்று அறிந்து எழுதுபவரின் நடையில் ஓர் அடக்கம் இருக்கும். பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள கம்பியை மாற்றியதும் ஒலியே மாறிவிட்டது என்று எழுதுபவரிடம் அந்த அடக்கம் இருப்பதில்லை.

பணம் யாருடையது?

மதிப்புரையாளர் கருவியை விலை கொடுத்து வாங்கினாரா, நிறுவனம் இரவல் தந்ததா, இலவசமாகப் பெற்றாரா, அவர் தரும் இணைப்பு வழியாக நாம் வாங்கினால் அவருக்குத் தரகு கிடைக்கின்றதா என்பவை நாம் கேட்க வேண்டிய கேள்விகள். இரவல் பெறுவது குற்றமன்று. அதை மறைப்பதே குற்றம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் மாதத்தில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் அதன் நிறுவனத்துக்கும் இடையே, பரிந்துரையின் நம்பகத்தன்மையைப் பாதிக்கக்கூடிய தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. அதே ஆண்டு நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம், இணைய வழி நுகர்வோர் மதிப்புரைகளைத் திரட்டுவது, சீராய்வது, வெளியிடுவது ஆகியவற்றுக்காக 'ஐ.எஸ். 19000:2022' என்னும் தரநிலையை வெளியிட்டது. போலி மதிப்புரைகளைத் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று.

விற்பனைத் தளங்களில் வாடிக்கையாளர்கள் எழுதும் குறிப்புகளையும் முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. ஒலியின் தரத்தைப் பற்றி அவை சொல்வதற்கு மதிப்புக் குறைவு. வாங்கிய மறுநாளே நட்சத்திரம் கொடுப்பவர் பலர். ஆனால் ஆறு மாதம், ஓராண்டு கழித்து எழுதப்பட்டவற்றைத் தேடிப் படித்தால், ரிமோட் கெட்டுப்போனது, மின்னழுத்த ஏற்றத்தாழ்வில் பலகை எரிந்தது, பழுது நீக்க எத்தனை வாரம் ஆயிற்று என்பன தெரியவரும். ஒரே குறை பலரால் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டும். தொழில்முறை மதிப்புரையாளர் இரண்டு வாரத்தில் கருவியைத் திருப்பித் தந்துவிடுவார். அவரால் இதைச் சொல்ல இயலாது.

விலையைப் பற்றி ஒரு சொல்

மதிப்புரையில் தரப்படும் விலையோடு கணக்கு முடிவதில்லை. ஸ்டாண்ட், கம்பி, ஸ்டெபிலைசர், தேவைப்பட்டால் புதிய ஆம்ப்ளிஃபையர் ஆகியவற்றையும் கூட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து தனியார் வழியாக வரும் கருவிக்கு இங்கே உத்தரவாதம் செல்லுமா என்றும், அது நம் 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்குமா என்றும் கேட்டறிய வேண்டும். 'வட்டியில்லாத் தவணை' என்ற அறிவிப்பையும் கவனத்தோடு படிக்க வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், சுழிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று தெளிவுபடுத்தியது. வட்டி, நமக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடியிலோ, செயலாக்கக் கட்டணத்திலோ மறைந்திருக்கலாம். முழுப் பணம் செலுத்தினால் விலை என்ன, தவணையில் மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் எழுதி ஒப்பிட்டபின் முடிவு செய்வது நல்லது.

வாங்குமுன்

இதுவரை கூறியவற்றைத் தொகுத்துக்கொள்வோம். ஒரு மதிப்புரையைக் கையில் எடுக்கும்போது பின்வருவன அதில் உள்ளனவா என்று பாருங்கள்: யாருக்கு, எதற்கு இந்தக் கருவி பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்ற தெளிவு, எந்த அறையில், எந்தப் பதிவுகளைக் கொண்டு, எத்தனை நாள் கேட்கப்பட்டது என்ற விவரம், உணர்திறன் முதலான எண்களும் அவற்றின் விளக்கமும், அதே விலையில் உள்ள மற்றொரு கருவியோடு நேர்மையான ஒப்பீடு, குறைகள், பணத் தொடர்பு பற்றிய அறிவிப்பு. இவற்றுள் பாதியாவது இருந்தால் தொடர்ந்து படிக்கலாம்.

அவ்வாறு தேறிய இரண்டு அல்லது மூன்று கருவிகளின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். நன்கு பழகிய நான்கு பாடல்களையும், ஒரு செய்தி வாசிப்பையும் கைப்பேசியில் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் அதிகம் கேட்கப்போகிறவர் யாரோ அவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் முதியவர் என்றால், பாட்டுக்கு முன் பேச்சைக் கேட்கச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும் கால அவகாசத்தை எழுத்தில் பெறுங்கள். ரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். விற்பனையாளர் சொன்ன சொல் தவறினால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

நல்ல மதிப்புரை நமக்காக முடிவெடுப்பதில்லை. எதைக் கேட்க வேண்டும் என்று நம் காதுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, முடிவை நம்மிடமே விட்டுவிடுகின்றது.